ஒரு திருநாமம், பல பெயர்கள்

ஸ்ரீமத் பாகவதத்தின் இரண்டாம் ஸ்கந்தத்தில், பரீட்சித்து மன்னனின் வினாவிற்கு விடை கூறத் தொடங்குமுன் சுகப்பிரம்ம மகரிஷி பகவானைத் துதிக்கிறார். அத்துதியின் நடுவே இனங்களின் பட்டியல் ஒன்று வருகிறது. கிராதர், ஹூணர், ஆந்திரர், புளிந்தர், ஆபீரர், யவனர், கசர் ஆகியோரும், தாழ்ந்தவர் என்று உலகம் ஒதுக்கிய பிறரும் இறையடியார்களைச் சார்ந்த மாத்திரத்தில் தூய்மை அடைகின்றனர் என்பது அதன் கருத்து. பாகவதம் படிப்போர் பெரும்பாலும் இவ்விடத்தை விரைவாகக் கடந்து விடுவர். ஹூணர் யார், புளிந்தர் எங்கு வாழ்ந்தனர் என்பதெல்லாம் வரலாற்று ஆராய்ச்சிக்குரிய செய்திகளாகி விட்டன. அருகில் இல்லாதவரை ஏற்றுக்கொள்வதில் யாருக்கும் இடர்ப்பாடு இல்லை.

அஸ்ஸாமில் தோன்றிய ஸ்ரீமந்த சங்கரதேவர் (1449–1568) இந்த ஸ்கந்தத்தை அஸ்ஸாமிய மொழியில் பாடியபோது, பட்டியலை அப்படியே பெயர்த்துத் தரவில்லை. கிராதரையும் யவனரையும் வைத்துக்கொண்டு, ஏனைய இடங்களில் தம் காலத்தில் தம்மைச் சுற்றி வாழ்ந்த மக்களின் பெயர்களை அமைத்தார். கச்சாரி, காஸி, காரோ, மிரி, அஹோம் என்று அப்பெயர்கள் நீள்கின்றன. ஆற்றைக் கடந்து சந்தைக்கு வருபவர்கள், மலையிலிருந்து பஞ்சும் மிளகும் கொண்டு இறங்குபவர்கள், சில வேளைகளில் வயலைத் தாக்கிக் கொள்ளையிட்டவர்கள் என்று கேட்போர் அனைவரும் நேரில் அறிந்த மனிதர்களே வேத வியாசரின் வரிசையில் வந்து நின்றனர். சாஸ்திரத்தின் பொதுவிதி பக்கத்து வீட்டுக்காரனுக்கும் பொருந்தும் என்று சொல்வதற்கு இதைவிடத் தெளிவான வழி இருக்க முடியாது.

பல இனங்கள் ஒரே மண்ணில் வாழ்வது பற்றிப் பேசும்போது ‘வேற்றுமையில் ஒற்றுமை’ என்ற தொடர் நம் நாட்டில் எளிதாக வந்து விடுகிறது. அந்த ஒற்றுமை எவ்வாறு உண்டாகிறது, யார் எதை விட்டுக் கொடுப்பதால் உண்டாகிறது, எங்கே அது முறிகிறது என்பவற்றைக் கற்க விரும்புவோருக்குப் பிரம்மபுத்திரைப் பள்ளத்தாக்கின் எண்ணூறு ஆண்டு வரலாறு ஒரு நல்ல பாடநூல். அதில் பெருமைப்படத் தக்க பக்கங்களும் உண்டு. தலைகுனிய வைக்கும் பக்கங்களும் உண்டு. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நதிகள் சொல்லும் செய்தி

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அஸ்ஸாமில் 3 கோடியே 12 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவர்களில் அஸ்ஸாமிய மொழியைத் தாய்மொழியாகக் குறித்தவர்கள் 48 விழுக்காட்டினரே. வங்காளி பேசுவோர் ஏறத்தாழ 29 விழுக்காடு. போடோ, ஹிந்தி, நேபாளி, மிசிங், கார்பி என்று ஏனையவை தொடர்கின்றன. மாநிலத்தின் பெயரைத் தாங்கிய மொழியே பாதிப் பேருக்குத் தாய்மொழியாக இல்லாத நிலை அங்கே உள்ளது.

இக்கலப்பு நேற்று ஏற்பட்டதன்று. பள்ளத்தாக்கின் நதிகளின் பெயர்களைக் கவனித்தால் இது விளங்கும். திப்ரு, திகௌ, திசாங், திஹிங் என்று பல நதிகளின் பெயர்கள் ‘தி’ என்று தொடங்குகின்றன. போடோ, திமாசா முதலிய கச்சாரி இன மொழிகளில் ‘தி’ அல்லது ‘துய்’ என்றால் தண்ணீர். நாம்தாங், நாம்ரூப் என்பன போன்ற பெயர்களில் வரும் ‘நாம்’ தாய் மொழிக் குடும்பத்தில் தண்ணீரைக் குறிக்கும் சொல். பெருநதிக்கோ வடமொழியில் பிரம்மாவின் புத்திரன் என்று பெயர். தண்ணீருக்கு முதலில் பெயர் வைத்தவர், பிறகு வந்தவர், அதற்கும் பிறகு வந்தவர் என்று குடியேற்றங்களின் அடுக்குகள் நிலப்படத்திலேயே பதிந்துள்ளன. ‘இம்மண்ணின் மைந்தர் யார்?’ என்ற கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கே செல்பவர், எந்த நதிக்கரையில் நிற்கிறாரோ அதற்கேற்ப ஒரு விடை பெறுவார்.

இவ்வாறு வந்தவர்களில் அஹோம்கள் தனித்துக் குறிப்பிடத் தக்கவர்கள். 1228-ஆம் ஆண்டில் சுகாபா என்னும் தாய் இன இளவரசர் ஒரு சிறு படையுடன் பட்காய் மலைத்தொடரைக் கடந்து பள்ளத்தாக்கில் இறங்கினார். வழியில் எதிர்த்த நாகர்களிடம் அவர் கடுமையாகவே நடந்துகொண்டார் என்பதை அவர்களுடைய புரஞ்சி நூல்களே மறைக்காமல் கூறுகின்றன. ஆனால் சமவெளியில் வாழ்ந்த மோரான், பராஹி மக்களிடம் அவர் நடந்துகொண்ட விதம் வேறு. அவர்களுடன் நட்புப் பூண்டார். தம்முடன் பெண்கள் அதிகம் வராத நிலையில், தம் ஆட்கள் அவ்வினங்களில் மணம் புரிய ஊக்குவித்தார். உள்ளூர் மக்களை அரண்மனைப் பணிகளில் அமர்த்தினார். 1253-இல் சராய்தேவில் தலைநகரை அமைத்தார். அங்குள்ள அஹோம் அரசர்களின் கல்லறை மேடுகள் 2024-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றன.

ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் ஆண்ட இவ்வினம், வென்றவர்களின் மொழியைத் தோற்றவர்கள் மீது சுமத்தவில்லை. மாறாக, ஆண்டவர்களே ஆளப்பட்டவர்களின் மொழியான அஸ்ஸாமியத்தை ஏற்றனர். முதலில் தாய் மொழியில் எழுதப்பட்ட புரஞ்சி வரலாறுகள் பின்னர் அஸ்ஸாமிய உரைநடையில் எழுதப்பட்டன. உலக வரலாற்றில் இது அரிய நிகழ்ச்சியே. ஆயினும் இதற்கும் ஒரு விலை இருந்தது. அஹோம் மொழி பேச்சு வழக்கிலிருந்து மறைந்து, புரோகிதக் குடும்பங்களின் சடங்குகளிலும் ஓலை போன்ற மரப்பட்டைச் சுவடிகளிலும் மட்டும் எஞ்சியது. இன்று அவ்வினத்து இளைஞர்கள் அம்மொழியை மீண்டும் கற்க முயல்கின்றனர். தானே விரும்பிக் கலந்தவனுக்கும், சில தலைமுறை கழித்துத் தன் பெயரின் நினைவு வருகிறது.

நாம்கரின் திறந்த வாசல்

சங்கரதேவர் நகாவ் பகுதியைச் சேர்ந்த பர்தோவாவில், பூயான் எனப்படும் நிலத் தலைவர்களின் குடும்பத்தில் அவதரித்தார். நீண்ட தீர்த்த யாத்திரைகளுக்குப் பின் அவர் நிறுவிய நெறிக்கு ஏகசரண நாமதர்மம் என்று பெயர். ஒருவனையே சரணடைதல், அவன் நாமத்தைச் சொல்லுதல் என்னும் இரண்டே அதன் சாரம். சரணாகதித் தத்துவத்தில் ஊறிய தென்னாட்டு அன்பர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

இந்நெறி கிராமங்களில் ஊன்றுவதற்கு அவர் கண்ட கருவி நாம்கர். நாம்கர் என்றால் நாமம் சொல்லும் வீடு. நீண்ட கூடம், கிழக்கு முனையில் மணிகூட் என்னும் சன்னிதி. அங்கே விக்கிரகத்துக்குப் பதிலாகப் பாகவத நூல் எழுந்தருளியிருக்கும். மூங்கிலும் வைக்கோலும் போதும். எந்த ஏழைக் கிராமமும் ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம். கீர்த்தனம் நடப்பதும் அங்கே. பாவனா என்னும் பக்தி நாடகம் ஆடுவதும் அங்கே. வரப்புத் தகராறு முதல் திருட்டு வழக்கு வரை ஊர் கூடித் தீர்ப்பதும் அங்கேதான். எழுத்தறியாதவனும் கதையை அறிய வேண்டும் என்பதற்காக அவர் நாடகங்களை இயற்றினார். மைதிலியும் அஸ்ஸாமியமும் கலந்த பிரஜாவளி மொழியை அவற்றுக்குக் கையாண்டார். கற்றவருக்கும் கல்லாதவருக்கும் ஓரளவு புரிந்து, எந்த ஒரு சாதியாரின் வீட்டு மொழியாகவும் இல்லாத ஒரு மொழி அவருக்குத் தேவைப்பட்டது போலும்.

குருவின் சரித்திரங்கள் அவருடைய சீடர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. காரோ இனத்துக் கோவிந்தர், நாகர் இனத்து நரோத்தமர், மிரி எனப்பட்ட மிசிங் இனத்துப் பரமானந்தர், தையல் தொழில் செய்த முஸ்லிமான சாந்த்சாய் ஆகியோர் அவ்வரிசையில் உள்ளனர். இங்கே ஒரு சிறு விவரம் மிகவும் கவனிக்கத் தக்கது. சரித்திரங்களின் வழக்கில் கோவிந்தர் ‘காரோ கோவிந்தர்’ என்றும், நரோத்தமர் ‘நாகா நரோத்தமர்’ என்றுமே நினைக்கப்படுகின்றனர். சரணம் பெற்றதால் அவர்களுடைய இனப் பெயர் அழிந்து விடவில்லை. தையற்காரர் சாந்த்சாயாகவே இருந்தார். திருநாமம் கிடைத்தது, பழைய பெயரும் கூடவே நின்றது.

அஹோம் நாட்டில் அரசரின் கோபத்துக்கு ஆளாகி, மருமகனை இழந்து, சங்கரதேவர் மேற்கே கோச் நாட்டுக்குப் பெயர நேரிட்டது. அங்கே அவருக்கு ஆதரவளித்தவர்கள் நரநாராயண மன்னரும் அவர் தம்பி சிலாராயும். அவர்களுடைய வம்சமும் பழங்குடி மரபில் வந்ததே.

நாம்கரின் காற்று அதற்கு வெளியேயும் வீசியது. பதினேழாம் நூற்றாண்டில் பாக்தாத்திலிருந்து வந்தவராக மரபு கூறும் ஆஜான் ஃபகீர் என்னும் ஸூஃபி ஞானி, சிவசாகர் அருகே தங்கி, உள்ளூர்ப் பெண்ணை மணந்து, அஸ்ஸாமிய மொழியில் ஸிகிர் என்னும் பாடல்களை இயற்றினார். நாம கீர்த்தனத்தின் மெட்டும் நாட்டுப்புறத்தின் மெட்டும் அவற்றில் கலந்துள்ளன. பொய்க் குற்றச்சாட்டை நம்பிய அரசாட்சி அவர் கண்களைப் பறித்தது என்றும், பிழையை உணர்ந்த மன்னர் கதாதர சிங்கர் பின்னர் நிலம் அளித்தார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இதே மன்னர் வைணவ மடங்களையும் வருத்தியவர் என்பது வரலாறு. குவாஹாட்டிக்கு அருகிலுள்ள ஹாஜோவில், ஹயக்ரீவ மாதவர் ஆலயத்துக்கு ஹிந்துக்களோடு பூடான் நாட்டுப் பௌத்தர்களும் யாத்திரை வருகின்றனர். அதே ஊரில் போவா மெக்கா என்னும் முஸ்லிம்களின் புனிதத் தலமும் உள்ளது. பெயரே ஒரு கணக்கைச் சொல்கிறது: ‘போவா’ என்றால் கால் பங்கு. அங்கே தொழுதால் மெக்கா யாத்திரையின் கால் பங்கு பலன் உண்டு என்பது எளிய மக்களின் நம்பிக்கை.

வாசலில் கழற்றி வைத்தவை

சங்கரதேவர், அவருடைய தலைமைச் சீடர் மாதவதேவர் ஆகியோரின் காலத்துக்குப் பின் நெறி நான்கு சம்ஹதிகளாக, அதாவது பிரிவுகளாகப் பிரிந்தது. மடங்களுக்கு அங்கே சத்ரம் என்று பெயர். தமிழகத்தில் வழிப்போக்கர் தங்கும் ‘சத்திரம்’ என்ற சொல்லும் அதே வடமொழி வேரிலிருந்து வந்ததுதான். மாஜுலி நதித்தீவில் 1653-இல் நிறுவப்பெற்ற ஆவ்னியாடி போன்ற பெரிய சத்ரங்களுக்கு அஹோம் அரசர்கள் நிலமும், அதில் உழைக்கப் பாயிக் எனப்படும் ஆட்களும் வழங்கினர். மானியம் வந்த இடத்தில் படிநிலையும் வந்தது. யார் எங்கே அமர்வது, யார் கையால் பிரசாதம் பெறுவது என்ற கேள்விகள் எழுந்தன. நாம்கரின் வாசல் மூடப்படவில்லை என்பது உண்மை. ஆனால் உள்ளே நுழைபவன் எதைக் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும் என்ற நிபந்தனை மெல்ல வளர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் அறிக்கைகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. கச்சாரி இனத்தவர் ஒருவர் கோசாயியிடம் சரணம் பெற்றால் ‘சரணியா’ எனப்பட்டார். பன்றியிறைச்சியையும் அரிசி மதுவையும் விட்டு, சில தலைமுறைகளில் தம் மொழியையும் விட்டபின் அக்குடும்பம் ‘கோச்’ என்று எண்ணப்பட்டது. உணவு ஒழுக்கத்தை ஒரு நெறி எதிர்பார்ப்பதில் வியப்பில்லை. தாய் பேசிய மொழியை விட்டால்தான் பக்தன் என்ற மதிப்புக் கிடைக்கும் என்பது பாகவதத்தில் எங்கும் இல்லாத நிபந்தனை. சுகப்பிரம்மரின் பட்டியலில் கச்சாரி என்ற பெயரையே எழுதி வைத்த மகானின் வழியில், கச்சாரி என்ற பெயரை உதறினால்தான் உயர்வு என்ற வழக்கம் ஏற்பட்டது காலத்தின் கொடுமை.

இதன் மறுபக்கமாக மோவாமரிய சத்ரத்தைச் சொல்ல வேண்டும். அநிருத்ததேவர் நிறுவிய இச்சத்ரம் மோரான் முதலிய எளிய இனத்தாரை அதிகமாகச் சேர்த்துக்கொண்டது. சுகாபா நட்புப் பூண்ட அதே மோரான்கள் இப்போது அரண்மனைக்கு யானை பிடித்தும் விறகு சுமந்தும் பணிபுரியும் குடிகளாகியிருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சாக்த நெறியில் தீவிரமாக இருந்த புலேஸ்வரி ராணி, வைணவ மஹந்தர்களைத் துர்கா பூஜைக்கு வரவழைத்து, பலியிட்ட விலங்கின் இரத்தத்தை அவர்கள் நெற்றியில் இடச் செய்தார். மோவாமரிய குருவின் நெஞ்சில் அந்த அவமானம் தீயாகக் கனன்றது. 1769-இல் மோரான்கள் கிளர்ந்தெழுந்து தலைநகரைக் கைப்பற்றினர். 1805 வரை விட்டுவிட்டு நடந்த இப்போரில் பள்ளத்தாக்கின் மக்கள்தொகையில் பெரும் பகுதி அழிந்தது. நலிந்த நாட்டுக்குள் பர்மியப் படை நுழைந்தது. 1826-ஆம் ஆண்டு யாண்டபோ உடன்படிக்கையால் பர்மியர் விலகினர், ஆங்கிலேயர் அமர்ந்தனர். ஓர் இனத்தின் உழைப்பையும் அவர்களுடைய குருவின் மானத்தையும் ஒருசேர இழிவுபடுத்திய ஓர் அரசு, அறுநூறு ஆண்டு நிலைத்தும் ஒரு நூற்றாண்டுக்குள் சரிந்தது.

பட்ட காயமும் இட்ட காயமும்

ஆங்கிலேயர் 1836-இல் அஸ்ஸாமின் நீதிமன்றங்களிலும் பள்ளிகளிலும் வங்காளி மொழியைப் புகுத்தினர். அஸ்ஸாமியம் வங்காளியின் ஒரு கொச்சை வழக்கு என்று கருதப்பட்டது. சங்கரதேவரின் மொழியைத் தங்கள் பிள்ளைகள் பள்ளியில் பேசக்கூடாத நிலையை அம்மக்கள் 37 ஆண்டுகள் பொறுத்தனர். ஆனந்தராம் டேகியால் ஃபூகன் போன்ற அறிஞர்களும், 1846-இல் ‘அருணோதய்’ இதழைத் தொடங்கிய அமெரிக்க பாப்டிஸ்ட் பாதிரிமார்களும் இம்மொழியின் தனித்தன்மைக்காக வாதாடினர். 1873-இல் அஸ்ஸாமியம் தன் இடத்தைத் திரும்பப் பெற்றது. வைணவர்களின் மொழியைக் காக்கக் கிறிஸ்தவப் பாதிரிகள் இலக்கணம் எழுதியதும் அகராதி தொகுத்ததும் அப்பள்ளத்தாக்கின் வரலாற்றில் இனிய பக்கங்களுள் ஒன்று.

இந்தக் காயத்தைப் பட்டவர்களே பிறருக்கு அதே காயம் நேராமல் காப்பார்கள் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நடந்தது வேறு. 1960-இல் அஸ்ஸாமியத்தை மாநிலத்தின் ஆட்சிமொழியாக்கும் சட்டம் நிறைவேறியது. அப்போது காஸி, காரோ, மிஸோ மலைகளும் அஸ்ஸாமுக்குள் இருந்தன. தம் இடத்தை மீட்டுக்கொள்ளும் ஆவல் அஸ்ஸாமியருக்கு இருந்ததில் நியாயம் உண்டு; அரசு அலுவல்களில் வங்காளிகள் நெடுங்காலம் முன்னணியில் இருந்தனர். ஆனால் மலைவாழ் மக்களின் தலைவர்கள் இச்சட்டத்தைத் தங்கள் எதிர்காலத்தின் மீது விழுந்த பூட்டாகக் கண்டனர். அதே ஆண்டில் அவர்கள் அனைத்துக் கட்சி மலைத் தலைவர்கள் மாநாட்டை அமைத்துத் தனி மாநிலம் கேட்டனர். வங்காளி பேசும் பராக் பள்ளத்தாக்கில் கிளர்ச்சி மூண்டது. 1961 மே 19 அன்று சில்சார் இரயில் நிலையத்தில் போலீசார் சுட்டதில் 11 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகே பராக் பகுதிக்கு வங்காளி ஆட்சிமொழியாக ஏற்கப்பட்டது. 1972 ஜனவரி 21 அன்று மேகாலயம் தனி மாநிலமாயிற்று. மிஸோ மலைகளும் அன்றே பிரிந்தன. மிஸோக்களின் பிரிவுக்குப் பஞ்சமும் ஆயுதக் கிளர்ச்சியும் வலுவான தனிக் காரணங்கள். எனினும் மொழிச் சட்டம் அத்தீயில் எண்ணெயாயிற்று. ஒன்றாக வைத்திருக்க எண்ணிச் செய்த சட்டம் பிரிவினையை விரைவுபடுத்தியது.

மொழியை விட்டுக் கொடுத்தவர்களுக்காவது பாதுகாப்புக் கிடைத்ததா என்று பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் கிழக்கு வங்காளத்தின் மைமன்சிங் போன்ற மாவட்டங்களிலிருந்து நிலமற்ற முஸ்லிம் உழவர்கள் பிரம்மபுத்திரையின் மணல் திட்டுகளில் குடியேறினர். அவர்களில் மிகப் பலர் 1951 கணக்கெடுப்பில் அஸ்ஸாமியத்தையே தாய்மொழியாகப் பதிந்தனர். பிள்ளைகளை அஸ்ஸாமியப் பள்ளிகளில் சேர்த்தனர். ‘ந-அஸமியா’, அதாவது புதிய அஸ்ஸாமியர், என்று அவர்கள் அழைக்கப்பட்டனர். பின்னர் எல்லை கடந்து வருவோரின் எண்ணிக்கை பற்றிய அச்சம் வளர்ந்து, 1979 முதல் 1985 வரை பெரும் மக்கள் இயக்கம் நடந்தது. அந்த அச்சத்தைக் கற்பனை என்று தள்ளிவிட இயலாது. தம் மண்ணில் தாமே சிறுபான்மையாகிவிடுவோமோ என்ற கவலை எந்த மக்களுக்கும் வருவதே. ஆனால் 1983 பிப்ரவரி 18 அன்று நெல்லி பகுதிக் கிராமங்களில் சில மணி நேரத்தில் கொல்லப்பட்டவர்கள், அரசுக் கணக்கின்படியே, 1,800-க்கும் மேற்பட்டோர். அவர்களில் பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. தாக்கியவர்களில் திவா என்னும் பழங்குடியினரும் இருந்தனர்; நிலம் கைமாறிப் போனதன் குமுறல் அவர்களுக்கு இருந்தது. 1985 ஆகஸ்ட் 15 அன்று அஸ்ஸாம் உடன்பாடு கையெழுத்தானது. நெல்லியில் நடந்ததற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

மொழியை மாற்றிக்கொண்டது அந்த உழவர்களைக் காக்கவில்லை. நிலத்தைப் பற்றிய பயம் தீராதவரை, எவன் எந்த மொழி பேசினாலும் அவன் அந்நியனாகவே தெரிவான். கூடத்தில் உடனிருந்து நாமம் சொல்வதும், வயலின் எல்லையில் நியாயம் வழங்குவதும் ஒரே தர்மத்தின் இரு பகுதிகள் என்பதால்தான் சங்கரதேவரின் நாம்கரில் வரப்புத் தகராறும் விசாரிக்கப்பட்டது. பிற்காலத்தவர் முதற்பகுதியைப் போற்றிக் காத்த அளவுக்கு இரண்டாவதைக் காக்கவில்லை.

காளிசரண் பிரம்மாவின் வழி

சரணியா ஆகிக் கரைந்து போவது அல்லது ஒதுங்கி நலிவது என்ற இரண்டே வழிகள் போடோ மக்களுக்கு எதிரே இருந்த காலத்தில் மூன்றாம் வழி ஒன்றைக் காட்டியவர் காளிசரண் பிரம்மா (1860–1938). அவர் மர வாணிகம் செய்தவர். கல்கத்தாவில் பரமஹம்ச சிவநாராயண சுவாமிகளைக் குருவாக அடைந்து, ஹோமத்தை மையமாகக் கொண்ட வழிபாட்டைத் தம் மக்களிடையே பரப்பினார். குடியையும், மணமகளுக்கு விலை பேசும் வழக்கத்தையும் எதிர்த்தார். பள்ளிகளைத் தொடங்கச் செய்தார். அவருடைய இயக்கத்தின் தனிச்சிறப்பு, ஆன்மிகச் சீர்திருத்தத்தின் பெயரால் எவரும் போடோ மொழியையோ இனப் பெயரையோ விட வேண்டியதில்லை என்பதே. கோச் என்று மாற்றி எழுதிக்கொள்ளும் வழக்கம் அவருடைய செல்வாக்கால் குறைந்தது. சைமன் கமிஷனிடம் தம் மக்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் கேட்டு மனு அளிப்பதிலும் அவர் முன்நின்றார். இன்றும் போடோக்களில் சிஜூ என்னும் கள்ளிச்செடியை நட்டு வழிபடும் பாத்தௌ நெறியினர் உண்டு, பிரம்ம தர்மத்தார் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு.

காளிசரணர் ஊட்டிய தன்மதிப்பு அடுத்த தலைமுறைகளில் அரசியல் வடிவம் கொண்டது. 1952-இல் போடோ சாகித்திய சபை பிறந்தது. 1974–75-இல் எழுத்து வடிவம் பற்றிய போராட்டத்தில் பலர் உயிரிழந்தனர். இறுதியில் தேவநாகரி ஏற்கப்பட்டது. 1987 முதல் உபேந்திரநாத் பிரம்மாவின் தலைமையில் தனி மாநிலக் கிளர்ச்சி எழுந்தது. 1993, 2003, 2020 என மூன்று உடன்பாடுகள் ஏற்பட்டன. 2003-இல் போடோ மொழி அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம் பெற்றது. மலைவாழ் மக்களுக்கென்று கோபிநாத் பர்தோலாய் தலைமையிலான குழுவின் பரிந்துரையால் உருவான ஆறாவது அட்டவணைத் தன்னாட்சி, சமவெளியில் வாழும் போடோக்களுக்கும் அவ்வாண்டு நீட்டிக்கப்பட்டது.

ஆயினும் போடோலாந்து நிலப்பரப்பில் போடோக்கள் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே உள்ளனர். கோச்-ராஜபன்சிகள், வங்காளி முஸ்லிம்கள், தேயிலைத் தோட்டங்களுக்காகச் சோட்டா நாக்பூரிலிருந்து அழைத்து வரப்பட்ட சந்தால், முண்டா, ஒராவோன் மக்கள் என்று பலரும் அதே மண்ணில் வாழ்கின்றனர். 1996-இலும் 2014-இலும் சந்தால் முதலிய ஆதிவாசிகள் தாக்கப்பட்டனர். 2012-இல் போடோக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தில் இரு தரப்பிலுமாக ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் வீடிழந்து முகாம்களில் தங்கினர். அன்று அஸ்ஸாமியரிடம் போடோக்கள் எதைக் கேட்டனரோ, அதையே இன்று அவர்களிடம் அவர்களுடைய அண்டை வீட்டார் கேட்கின்றனர். ஜார்க்கண்டில் பழங்குடிப் பட்டியலில் உள்ள அதே சந்தாலும் முண்டாவும் அஸ்ஸாமில் அப்பட்டியலில் இல்லாதிருந்ததால், தோட்டத் தொழிலாளர் சமூகத்தார் பல ஆண்டுகளாக அதைக் கோரி வந்துள்ளனர். அவர்களுடன் சேர்ந்து கோருபவர்களில் மோரான்களும், கோச்-ராஜபன்சிகளும், ஒருகாலத்தில் அரசாண்டு தம் மொழியையே துறந்த அஹோம்களும் இருக்கின்றனர். கரைந்தவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள் ஒவ்வொருவராகத் தம் பெயரைக் கேட்டு வரிசையில் நிற்கின்றனர்.

ஜாமுகுரியின் பந்தல்

மாஜுலித் தீவில் சத்ரங்களின் மதிற்புறத்தை ஒட்டியே மிசிங் மக்களின் கால் நாட்டிய மூங்கில் வீடுகள் நிற்கின்றன. அவர்களில் பலர் நாம்கருக்கும் செல்கின்றனர்; விதைப்புக் காலத்தில் ஆலி-ஆயே-லிகாங் விழாவையும் தம் மொழிப் பாடல்களோடு கொண்டாடுகின்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 1,250 சதுர கிலோமீட்டராக இருந்த அத்தீவு, நதியின் அரிப்பால் பாதிக்கும் கீழாகச் சுருங்கி விட்டது. கரை இடியும்போது சத்ரத்தின் நிலமும் மிசிங்கின் வயலும் சேர்ந்தே போகின்றன.

சோணித்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஜாமுகுரியில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பாரேசஹரிய பாவனா என்னும் பெருவிழா நடந்து வருகிறது. சங்கரதேவர் கண்ட பக்தி நாடகம்தான். ஆனால் ஒரு மேடையில் ஒரு நாடகம் என்ற அளவில் நிற்பதில்லை. மிகப் பெரிய வட்டப் பந்தல் ஒன்று எழுப்பப்படுகிறது. அதனுள் நடுவிலுள்ள பூஜைத் தானத்தைச் சுற்றி, தாமரை இதழ்கள் போல, ஊருக்கு ஒன்றாகப் பல மேடைகள் அமைகின்றன. மூங்கில் வெட்டுவதிலிருந்து ஒத்திகை வரை மாதக்கணக்கில் ஊர்கள் உழைக்கின்றன. அஸ்ஸாமியருடன் நேபாளி, மிசிங், போடோ முதலிய சமூகத்தாரும் இதில் பங்கு கொள்கின்றனர். இரவில் எல்லா மேடைகளிலும் ஒரே நேரத்தில் நாடகம் தொடங்குகிறது. ஒரு மேடையில் இராவணன் முழங்க, அடுத்ததில் கம்சன் சீறுகிறான். கோல் என்னும் மத்தளங்களின் ஓசை ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து, சில கணங்கள் எந்த மேடையின் வசனமும் கேட்பதில்லை. காண வந்தவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. தம் ஊரின் மேடையில் சற்று நேரம் நின்று, பிறகு அடுத்த ஊரின் மேடைக்கு நகர்ந்து, விடியும் வரை வட்டமாகச் சுற்றி வருகின்றனர்.